சென்னையில் கோயிலும் கோட்டையும் பார்க்க வருகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வெளியூரிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் வரும் சொந்தக்காரர்கள், நண்பர்கள் கேட்கிற கேள்விகள் இவை. புறப்படுவதற்கு முன்பே ஒருமுறை படித்துவிட்டால் பாதி அலைச்சல் குறையும்.

ஒரே நாளில் சென்னையைச் சுற்றிப் பார்த்துவிட முடியுமா?

வேன் பிடித்து, விடிந்ததும் கிளம்பி, பத்துப் பதினைந்து இடங்களில் இறங்கி ஏறுகிறவர்கள் இருக்கிறார்கள். இரவு அவர்களிடம் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால் அண்ணாசாலை சிக்னல்தான் நன்றாக நினைவிருக்கும்.

சென்னை ஒரே ஊர் இல்லை. 1639-ல் ஆங்கிலேயக் கம்பெனி கடற்கரையில் ஒரு துண்டு நிலம் பெறுவதற்குப் பல நூறு ஆண்டுகள் முன்பே மயிலாப்பூர், திருவல்லிக்கேணி, திருவொற்றியூர், திருவான்மியூர் எல்லாம் பதிகமோ பாசுரமோ பெற்ற தனித்தனி ஊர்கள். கோட்டைக்கு வெளியே வளர்ந்த பட்டணம் அவற்றை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டது. ஆகவே அரை நாளுக்கு ஓர் ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே நாள்தான் கையில் இருக்கிறது என்றால் காலையில் மயிலாப்பூர், மதியம் எழும்பூர் அருங்காட்சியகம், மாலையில் திருவல்லிக்கேணியும் மெரினாவும். அதற்கு மேல் ஆசைப்பட வேண்டாம்.

கோயில்கள் எத்தனை மணிக்குத் திறந்திருக்கும்?

காலை ஐந்தரை, ஆறு மணிக்கு நடை திறந்தால், உச்சிகால பூஜை முடிந்து பன்னிரண்டு, பன்னிரண்டரைக்குச் சாத்திவிடுவார்கள். மறுபடி நாலு மணிக்குத் திறந்து இரவு ஒன்பது வாக்கில் முடியும். கோயிலுக்குக் கோயில் அரை மணி முன்பின் இருக்கும். மார்கழியில் விடியற்காலையிலேயே திறந்துவிடுவார்கள்.

வெளியூர்க்காரர்கள் பெரும்பாலும் தடுமாறுவது இங்கேதான். ஓட்டலில் நிதானமாக டிபன் சாப்பிட்டு, பத்தரைக்குக் கிளம்பி, போக்குவரத்தில் மாட்டி, சாத்திய கதவுக்கு முன்னால் நிற்பார்கள். காலையும் மாலையும் கோயிலுக்கு. பன்னிரண்டிலிருந்து நாலு வரை சர்ச், கோட்டை, அருங்காட்சியகம். இந்த ஒரு கணக்கை வைத்துக்கொண்டாலே உங்கள் திட்டம் தானாக அமைந்துவிடும்.

இன்னொன்று: எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்கும் கோட்டை அருங்காட்சியகத்துக்கும் வெள்ளிக்கிழமை விடுமுறை. அன்றைக்குத்தான் அம்மன் சந்நிதிகளில் கூட்டமும் அதிகம். வெள்ளிக்கிழமை வருகிறவர்கள் மதிய நேரத்துக்கு வேறு ஏதாவது யோசித்துக்கொள்ளுங்கள்.

எந்த மாதத்தில் வருவது நல்லது?

டிசம்பர் பிற்பாதியிலிருந்து பிப்ரவரி வரை. மார்கழிக் குளிர், சபா கச்சேரிகள், கோயில்களில் திருப்பாவை, திருவெம்பாவை எல்லாம் ஒன்றாக வரும். அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை. வந்தால் குடையோடு பொறுமையும் வேண்டும். மே மாதம் பிராகாரத்துக் கருங்கல்லில் வெறுங்காலோடு நடக்கப் போகிறீர்கள் என்பதை நினைத்துப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

வெயில் பரவாயில்லை, கூட்டமும் பரவாயில்லை என்பவர்கள் பங்குனியில் (மார்ச், ஏப்ரல்) மயிலைப் பெருவிழாவுக்கு வரலாம். எட்டாம் நாள் அறுபத்துமூவர் விழாவில் அறுபத்துமூன்று நாயன்மார்களும் வீதியுலா வருவார்கள். மாடவீதி முழுக்கத் தலைகள்தான் தெரியும். நீர்மோரும் அன்னதானமும் தெருவுக்குத் தெரு. சிறு குழந்தைகளோடு மட்டும் அன்றைக்கு வராதீர்கள்.

பழைய கட்டடங்களில் ஆர்வம் உள்ளவர்களுக்கு ஆகஸ்ட் நல்ல மாதம். ஆகஸ்ட் 22 சென்னை தினம் என்பதால் அதையொட்டி மரபு நடைகள் நிறைய நடக்கும். பலவற்றுக்குக் கட்டணம் கிடையாது.

மயிலாப்பூரில் எதைப் பார்ப்பது?

கபாலீசுவரர் கோயிலில் தொடங்குங்கள். பெரிய ராஜகோபுரம் கிழக்கே இருக்கிறது; சுமார் 120 அடி உயரம், 1906-ல் கட்டியது. எல்லோரும் அதன் வழியாகத்தான் நுழைவார்கள். ஆனால் கபாலீசுவரர் மேற்கு பார்த்தவர். கிழக்கே நுழைகிறவர்கள் அவர் முதுகுப் பக்கமாக வந்து, சுற்றிப் போய்த்தான் தரிசிக்க வேண்டும். முடிந்தால் குளத்துப் பக்கம், மேற்கு வாசல் வழியாகப் போய்ப் பாருங்கள். கொடிமரம், நந்தி, மூலவர் என்று நேராக அமையும்.

வடக்குப் பிராகாரத்தில் தல விருட்சமான புன்னை மரத்தையும் அதனடியில் உள்ள சிறு சந்நிதியையும் விட்டுவிடாதீர்கள். அம்பாள் மயில் வடிவில் சிவனைப் பூசித்த தலம் என்பது தலபுராணம். பூம்பாவைக்கும் தனிச் சந்நிதி உண்டு. பாம்பு தீண்டி இறந்த பெண்ணின் எலும்பும் சாம்பலும் இருந்த குடத்தை முன்னால் வைத்துத் திருஞானசம்பந்தர் பதிகம் பாடி அவளை எழுப்பினார் என்பார்கள். அந்தப் பதிகத்தில் ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கீடு, மார்கழி ஆதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம் என்று விழாக்களை வரிசையாகச் சொல்லி, இதையெல்லாம் காணாமல் போகலாமா என்று கேட்கிறார். ஏழாம் நூற்றாண்டு மயிலாப்பூரின் விழாப் பட்டியலே அது. மயிலைக்கு வருவதற்கு முதல் நாள் அந்தப் பதினோரு பாட்டையும் ஒருமுறை படித்துவிட்டு வாருங்கள். எந்த வழிகாட்டிப் புத்தகமும் அவ்வளவு சொல்லாது.

பிறகு நான்கு மாடவீதிகளையும் சுற்றி நடங்கள். பூக்கடை, பித்தளைச் சாமான், பரதநாட்டிய நகைகள், நவராத்திரி சமயமென்றால் வடக்கு மாடவீதி நெடுகக் கொலுப் பொம்மைகள். பக்கத்திலேயே ஆதிகேசவப் பெருமாள் கோயில். பேயாழ்வார் அவதரித்த ஊர் இது. சைவ மயிலையை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள்.

இப்போது இருப்பது சம்பந்தர் பாடிய அதே கோயில்தானா?

இல்லை. சம்பந்தர் பாட்டில் கபாலீச்சரம் கடற்கரைக் கானலில் இருக்கிறது. இப்போதைய கோயிலோ கடலைவிட்டு உள்ளே தள்ளி நிற்கிறது. பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் சாந்தோமில் குடியேறிய காலத்தில் பழைய கோயில் அழிந்தது. அதன் பிறகு இப்போதுள்ள இடத்தில் மறுபடி எழுப்பினார்கள். சாந்தோம் பகுதியில் கல்வெட்டுத் துண்டுகள் கிடைத்திருக்கின்றன.

இதைக் கேட்டுவிட்டு யார்மீதாவது கோபப்படுவதைவிட, கபாலி கோயிலிலிருந்து சாந்தோம் பேராலயத்துக்கு நடந்தே போய்ப் பாருங்கள். கால் மணி நேரம், இருபது நிமிடம் ஆகும். இப்போதுள்ள வெள்ளைக் கோபுரக் கட்டடம் 1896-ல் முடிந்தது. இயேசுவின் சீடரான புனித தோமாவின் கல்லறை இருந்த இடம் என்று நம்பப்படுவது கீழ்த்தளத்தில் இருக்கிறது. அங்கே இறங்கிச் சற்று நேரம் அமைதியாக உட்காரலாம். நடை சாத்தும் வேளையில் கபாலி கோயிலைவிட்டுக் கிளம்பினால் நேரம் கச்சிதமாக இருக்கும்.

திருவல்லிக்கேணிக்கு எவ்வளவு நேரம் ஒதுக்க வேண்டும்?

பார்த்தசாரதி கோயில் மட்டுமென்றால் ஒரு மணி நேரம் போதும். தெருக்களையும் சேர்த்துப் பார்க்க ஒரு முழு மாலை வேண்டும்.

மூலவர் வேங்கடகிருஷ்ணன் ருக்மிணி, பலராமன், சாத்யகி, பிரத்யும்னன், அநிருத்தன் என்று குடும்பத்தோடு நிற்கிறார். பெருமாளுக்கு மீசை இருப்பதைப் பார்த்துக் குழந்தைகள் கேள்வி கேட்பார்கள். கையில் சங்கு உண்டு, சக்கரம் இல்லை. பாரதப் போரில் ஆயுதம் எடுப்பதில்லை என்று வாக்குக் கொடுத்துத் தேரோட்டியவர் அல்லவா. உற்சவர் முகத்தில் இருக்கும் வடுக்கள் பீஷ்மர் அம்பு பட்டவை என்பார்கள். கூட்டம் குறைவான நாளில் பட்டரிடம் கேட்டால் தீபாராதனைத் தட்டை உயர்த்திக் காட்டுவார். கிழக்கு பார்த்தது பார்த்தசாரதி சந்நிதி, மேற்கு பார்த்தது யோக நரசிம்மரான தெள்ளியசிங்கர் சந்நிதி. அதனால் கொடிமரமும் இரண்டு.

பல்லவ மன்னன் தந்திவர்மன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இங்கே இருக்கிறது. கோயில் நிலம் அடகில் போனதால் சாமிக்கு அமுது குறைந்துவிட, ஒருவர் அதை மீட்டுத் திரும்பவும் நடத்திவைத்தார் என்கிறது. ஆயிரத்து இருநூறு ஆண்டுக்கு முன்பும் கோயில் நிலத்துக்குப் பிரச்சினை இதேதான்.

வெளியே வந்தால் துளசிங்கப் பெருமாள் கோயில் தெருவில் பாரதியார் கடைசியாக வாழ்ந்த வீடு, இப்போது நினைவில்லம். 1921-ல் இந்தக் கோயில் யானைதான் அவரைத் தள்ளியது. அந்தக் காயம் ஆறிய பிறகு, சில மாதம் கழித்து வயிற்றுக் கடுப்பால் செப்டம்பரில் இறந்தார். யானை மிதித்தே செத்தார் என்று சொல்லும் வழிகாட்டிகளைத் திருத்துங்கள்.

அப்புறம், திருவல்லிக்கேணி நெடுஞ்சாலையில் வாலாஜா பெரிய மசூதி. ஆற்காட்டு நவாப் குடும்பம் 1795-ல் கட்டியது. மசூதியில் பொறித்திருக்கும் பாரசீகக் கவிதையை எழுதியவர் ராஜா மக்கன்லால் என்ற இந்து. ரம்ஜான் மாதத்தில் இங்கே நோன்பு திறக்க வருகிறவர்களுக்குப் பல ஆண்டுகளாக உணவு பரிமாறுபவர்கள் மயிலாப்பூர் சூஃபிதார் அமைப்பைச் சேர்ந்த சிந்தி இந்துக்கள். தொழுகை நேரம் தவிர மற்ற வேளையில் போய்ப் பார்க்கலாம், கேட்டுக்கொண்டு போங்கள்.

ஜார்ஜ் கோட்டைக்குள் பொதுமக்களை விடுவார்களா?

விடுவார்கள். உள்ளே தலைமைச் செயலகமும் சட்டமன்றமும் இருப்பதால் வாசலில் சோதனை கடுமையாக இருக்கும். ஆதாரோ வேறு அடையாள அட்டையோ கையில் வைத்துக்கொள்ளுங்கள். சட்டமன்றம் கூடும் நாட்களில் போகாமல் இருப்பது நல்லது.

பார்க்க வேண்டியவை இரண்டு. ஒன்று, இந்தியத் தொல்லியல் துறையின் அருங்காட்சியகம். 1947 ஆகஸ்ட் 15 அன்று இந்தக் கோட்டையில் ஏற்றிய தேசியக்கொடி அங்கே பாதுகாக்கப்படுகிறது. மங்கிய வெளிச்சத்தில் வைத்திருப்பார்கள், அவசரப்பட்டுக் கடந்துவிடாதீர்கள். இரண்டாவது, 1680-ல் திறந்த புனித மேரி ஆலயம். இந்தியாவின் மிகப் பழைய ஆங்கிலிக்கன் ஆலயம் இது. பீரங்கிக் குண்டு விழுந்தாலும் தாங்கும்படி வளைந்த கூரையைத் தடிமனாகக் கட்டினார்கள். ராபர்ட் கிளைவ் 1753-ல் திருமணம் செய்துகொண்டது இங்கே. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் தந்த எலிஹு யேல் திருமணமும் இங்கேதான் நடந்தது. வாசலில் தரை முழுக்கக் கல்லறைப் பலகைகள் பதித்திருக்கிறார்கள்.

பாரிமுனையில் என்ன இருக்கிறது?

நெரிசல் இருக்கிறது. அதைத் தாண்டிப் பார்த்தால் நிறைய இருக்கிறது.

சிவப்புக் கட்டடமான உயர் நீதிமன்றம் 1892-ல் திறந்தது. நடுக் கோபுரம் வெகுகாலம் கலங்கரை விளக்கமாகவும் வேலை செய்தது. வழக்கு இல்லாதவர்கள் உள்ளே போவது சுலபமில்லை, என்.எஸ்.சி. போஸ் சாலையில் நின்று பார்த்தாலே அழகு தெரியும். ஆண்டுக்கு ஒரு நாள் எல்லா வாசல்களையும் பூட்டிவைக்கும் பழைய வழக்கம் இங்கே உண்டு. வளாகம் பொதுவழி ஆகிவிடக் கூடாது என்பதற்காக. 1914 செப்டம்பரில் ஜெர்மன் கப்பல் எம்டன் குண்டு வீசியதற்கான கல்வெட்டுப் பலகை சுற்றுச்சுவரில் இருக்கிறது. நம் பேச்சில் வரும் ‘எம்டன்’ இந்தக் கப்பல்தான்.

அங்கிருந்து தம்புச் செட்டித் தெருவில் காளிகாம்பாள் கோயில். 1677-ல் சத்ரபதி சிவாஜி வந்து வணங்கியதாகச் சொல்லும் கோயில். பக்கத்தில் அரண்மனைக்காரன் தெருவில் 1772-ல் கட்டிய ஆர்மீனியன் தேவாலயம். ஊரின் இரைச்சலுக்கு நடுவே முற்றத்து மரநிழலில் உட்கார நல்ல இடம், பிற்பகலோடு மூடிவிடுவார்கள். பூக்கடைப் பக்கம் போனால் தேவராஜ முதலி தெருவில் சென்னகேசவப் பெருமாளும் சென்னமல்லீசுவரரும் அடுத்தடுத்து இருக்கிறார்கள். முதலில் இப்போதைய உயர் நீதிமன்ற வளாகத்தில் இருந்த கோயில், கோட்டைப் பாதுகாப்புக்காக இடிக்கப்பட்டு இங்கே மாறியது. இன்னும் கொஞ்சம் நடந்தால் கந்தகோட்டம். ‘ஒருமையுடன் நினது திருமலரடி’ என்று வள்ளலார் பாடியது இந்த முருகனைத்தான். ஞாயிற்றுக்கிழமை காலை என்றால் தெருக்களில் கொஞ்சமாவது நடக்க முடியும்.

எழும்பூர் அருங்காட்சியகத்தில் எதை முதலில் பார்ப்பது?

படிமக் காட்சிக்கூடம், அதாவது வெண்கலச் சிலைகள் உள்ள கட்டடம். கால் ஓய்ந்த பிறகு கடைசியில் அங்கே போகாதீர்கள். திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரரையும் திருவாலங்காட்டு நடராசரையும் சுற்றிவந்து, பின்பக்கமும் பாருங்கள். கோயிலில் அந்த வாய்ப்புக் கிடைக்காது. அந்த நடராசரைப் புகைப்படங்களில் மட்டுமே பார்த்துப் பிரெஞ்சுச் சிற்பி ரோதான் ஒரு கட்டுரை எழுதினார். அடுத்து அமராவதி பௌத்தச் சிற்பங்கள். மீதியெல்லாம் நேரமிருந்தால்.

திருவொற்றியூர் தூரமாயிற்றே, போகத்தான் வேண்டுமா?

என்னைக் கேட்டால் சென்னைக் கோயில்களில் முதல் இடம் இதற்குத்தான். மெட்ரோ வந்த பிறகு தூரமும் ஒரு சாக்கு இல்லை. திருவொற்றியூர் தேரடி நிலையத்தில் இறங்கினால் கோயில் பக்கம்தான். ஆதிபுரீசுவரர் புற்று வடிவம் என்பதால் ஆண்டு முழுக்கக் கவசம் சாத்தியிருக்கும். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள் மட்டும் கவசமில்லாமல் பார்க்கலாம். அந்த நாட்களில் வரிசை நீளம். கருவறையின் பின்புறம் யானையின் முதுகு வடிவில் வளைந்திருக்கும். முதலாம் ராஜேந்திர சோழன் காலத்தில் கல்லால் எடுத்துக்கட்டியது. சங்கிலியாரைச் சுந்தரர் மணந்ததும், ‘உன்னைப் பிரியேன்’ என்று மகிழ மரத்தடியில் சத்தியம் செய்து மாட்டிக்கொண்டதும் இங்கே. கடற்கரைப் பக்கம் பட்டினத்தார் சமாதி.

உடை, செல்போன், புகைப்படம் விஷயத்தில் கட்டுப்பாடு உண்டா?

அரைக்கால் சட்டை, கையில்லாத பனியன் வேண்டாம். வேட்டியோ முழுக்கால் சட்டையோ போதும். கேரளக் கோயில்களைப் போல இங்கே பெரும்பாலும் சட்டையைக் கழற்றச் சொல்வதில்லை. கோயில்களுக்குள் செல்போனுக்குத் தடை விதித்து 2022 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. நடைமுறையில் ஒவ்வொரு கோயிலும் ஒவ்வொரு மாதிரி. எப்படியானாலும் மூலவரைப் படம் எடுக்காதீர்கள். கோபுரத்தையும் குளத்தையும் தெருவில் நின்று எவ்வளவு வேண்டுமானாலும் எடுக்கலாம்.

வேற்று மதத்து நண்பர்களை அழைத்துப் போகலாமா?

தாராளமாக. பெரிய கோயில்களில் கொடிமரத்தைத் தாண்டி இந்துக்கள் அல்லாதவர்களுக்கு அனுமதி இல்லை என்ற பலகை இருக்கும். வெளிப் பிராகாரம், கோபுரம், குளம், மாடவீதி இவற்றுக்கு அது பொருந்தாது. முன்கூட்டியே சொல்லி வையுங்கள். வாசலில் தெரிந்துகொண்டால் அவர்களுக்குச் சங்கடம்.

எதில் போவது?

பார்க்க வருகிறவர்கள் பலருக்குத் தெரியாத வசதி கடற்கரை நிலையத்திலிருந்து வேளச்சேரி போகும் பறக்கும் ரயில். கோட்டை, சேப்பாக்கம், திருவல்லிக்கேணி, கலங்கரை விளக்கம், முண்டகக்கண்ணியம்மன் கோயில், திருமயிலை, திருவான்மியூர் என்று நிலையங்களின் பெயரைப் படித்தாலே சுற்றுலாத் திட்டம் கிடைத்துவிடும். கட்டணமும் மிகக் குறைவு. குறை என்னவென்றால், நிலையங்கள் பிரம்மாண்டமாகவும் ஆளரவம் இல்லாமலும் இருக்கும். இரவில் தனியாகப் போகிறவர்கள் தவிர்க்கலாம்.

பாரிமுனைக்கு மெட்ரோவில் உயர் நீதிமன்றம் அல்லது மண்ணடி, அருங்காட்சியகத்துக்கு எழும்பூர். பெண்களுக்குச் சாதாரணக் கட்டண மாநகரப் பேருந்துகளில் கட்டணம் இல்லை. சொந்தக் காரில் மயிலாப்பூருக்கோ பூக்கடைக்கோ போக நினைத்தால், நிறுத்த இடம் தேடியே நடை சாத்திவிடும். மெட்ரோ இரண்டாம் கட்டப் பணியால் மயிலாப்பூர்ப் பக்கம் வழியும் அடிக்கடி மாறுகிறது.

வயதானவர்களை அழைத்து வருகிறோம், எது எளிது?

கபாலியும் பார்த்தசாரதியும் சமதளம். விசேஷ நாட்களைத் தவிர்த்தால் போதும். முதல் ஆளாகக் காலையில் போங்கள். கற்பூரம் காட்டிக் குறுக்கு வழியில் அழைத்துப்போகிறேன் என்று வாசலில் யாராவது வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, சிறப்புத் தரிசனச் சீட்டைக் கோயில் கவுன்டரில் வாங்குங்கள். பரங்கிமலைத் (செயின்ட் தாமஸ் மவுண்ட்) தேவாலயத்துக்குப் படி ஏற வேண்டாம், மேலே வரை வண்டிப் பாதை உண்டு. 1802-ல் ஆங்கிலேய நில அளவையாளர் லாம்டன் இந்தியாவை அளக்கத் தொடங்கியது இந்த மலைப் பக்கத்திலிருந்துதான்; அவருக்கு மேலே ஒரு சிலை இருக்கிறது. விமானம் இறங்குவதைப் பேரப்பிள்ளைகள் வேடிக்கை பார்ப்பார்கள்.

சாப்பாடு?

மயிலாப்பூரில் ராயர் மெஸ் இட்லி, தெற்கு மாடவீதிப் பக்கம் காளத்தி கடை ரோஸ்மில்க். திருவல்லிக்கேணியில் ரத்னா கபே சாம்பார் இட்லி. சாம்பாரில் இட்லி மிதக்கத்தான் செய்யும், பயப்படாதீர்கள். பாரிமுனையில் மாலை வேளையில் பர்மாக்காரர்களின் அத்தோ என்ற நூடுல்ஸ்.

மாமல்லபுரத்தையும் இதோடு சேர்த்துக்கொள்ளலாமா?

தனி நாள் வையுங்கள். ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும், கடற்கரைக் கோயில், ஐந்து ரதம், அர்ச்சுனன் தபசு மூன்றையும் வெயிலில் நடந்துதான் பார்க்க வேண்டும். காலை ஏழு மணிக்கு அங்கே இருக்கிற மாதிரி கிளம்பினால், பதினோரு மணிக்குள் முடித்துவிட்டு, கிழக்குக் கடற்கரைச் சாலையிலேயே திரும்பி, மாலை நடை திறக்கும்போது திருவான்மியூர் மருந்தீசுவரர் கோயிலில் இருக்கலாம்.